அமிர்தத்தின் மசக்கை

உறையூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று அடுப்பில் ஏற்றும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தையல் மெஷினைக் கொல்லைப்பக்கத்து ஜன்னலோரம் போட்டிருப்பதால் வந்த வினை. நான்கு வீட்டுக்கும் பொதுக் கிணறு அந்த ஜன்னலுக்கு நேரே இருந்தது. அதனால் பக்கத்து வீட்டு அமிர்தம் அங்கே குனிந்து ஓங்கரித்ததையும் நான்தான் முதலில் பார்த்தேன். ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை. அப்போதுதான் விடிந்திருந்தது.

ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. கை சில்லிட்டிருந்தது.

“கண்ணைத் தொறந்தா கூரை சுத்துது ரோசரியக்கா,” என்றாள். “பாயோட ஆத்துல போற மாதிரி இருக்கு. வாயெல்லாம் தண்ணி ஊறுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி நல்லாத்தானே படுத்தேன்?”

மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. மறுநாள் விடியலில் மறுபடியும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

அமிர்தத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. புருஷன் அழகிரி சுருட்டுக் கொட்டகையில் சுருட்டுச் சுற்றுகிறவன். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல எப்போதும் பேசாமல் இருப்பான். மாமியார் இருளாயி உறையூர்ச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் வீடு வீடாக விற்பாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், மகனுக்கு இரண்டாம் தாரமாக. “சட்டம் வந்துடுச்சே பெரியம்மா, ரெண்டு கட்டக் கூடாதே,” என்று நான் கேட்டதற்கு, “சட்டம் டெல்லியில இருக்கு. நம்ம தெருவுக்கு வந்திருக்கா?” என்றாள். மருமகள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் வாந்தி வந்தது. இருளாயி ஒரே கேள்விதான் கேட்டாள்: “நாள் தள்ளியிருக்கா?”

தள்ளித்தான் இருந்தது. அமிர்தத்துக்கு எப்போதுமே இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும். அதை அந்த நேரத்தில் யார் நினைத்துப் பார்த்தார்கள்? நானும்தான் நினைக்கவில்லை. புதூர்ப் பேச்சு அன்றோடு நின்றது. ஸ்ரீரங்கத்து வாடிக்கை வீட்டிலிருந்து உப்பு நாரத்தங்காய் வந்தது. விடியலில் அமிர்தம் கிணற்றடிக்கு ஓடினால் இருளாயி ஒரு செம்புத் தண்ணீரோடு பின்னாலேயே போய், உள்ளங்கையால் அவள் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஒன்பது வருஷமாக அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்காத மாமியார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கே கண் கலங்கிவிட்டது.

“மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு யாரும் பேசக் கூடாது, கண்ணு பட்டுடும்,” என்று உத்தரவு போட்டுவிட்டாள். கொல்லையில் குலை தள்ளியிருந்த வாழையில் மஞ்சள் துணி கட்டி, மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு என்று நேர்ந்துகொண்டாள். சுகப்பிரசவத்துக்கு அந்தச் சாமிக்கு வாழைத்தார்தான் வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திங்கட்கிழமை விடியலில் மட்டும் அமிர்தத்துக்கு வாந்தி வராது. தலைச்சுற்றலும் இருக்காது. இருளாயி அதற்கும் காரணம் கண்டுபிடித்தாள். “சோமவாரம் சிவனுக்கு உகந்த நாளு. உள்ள இருக்கிறது அதான் பேசாம இருக்கு.” தெருவே வாயைப் பிளந்தது. மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரியான நான்கூட, இருந்தாலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழையில் அமிர்தத்துக்குத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றும் வேலை இல்லாததால் அழகிரி கொட்டகையிலிருந்து புகையிலைக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தான். சுருட்டுக்கு இலை நொறுங்கக் கூடாது என்று தண்ணீரில் நனைத்துத்தான் தருவார்கள். அமிர்தம் சாயங்காலம் முழுக்க அதை மடியில் போட்டு நடு நரம்பை உரித்தெடுப்பாள். சேலையெல்லாம் ஈரமாகிவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த நாற்றம் ஆகாது என்று ஒருநாள் இருளாயி இலைக்கட்டை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

வாந்தி நின்றுவிட்டது.

இருளாயிக்குச் சந்தோஷம், மசக்கை அடங்கிவிட்டதென்று. அமிர்தத்துக்கோ இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்கு வருவாள், உட்காருவாள், எழுந்து போவாள், திரும்ப வருவாள். கத்தரிக்கோலை எடுத்து வைப்பாள். “வயித்துல ஒண்ணுமே தெரியலையேக்கா,” என்பாள். “நாலு மாசம் ஆகணும்டி துடிப்புத் தெரிய,” என்று நான் அதட்டுவேன். இரண்டு நாள் பொறுத்துவிட்டு அவளே ஒரு யோசனை சொன்னாள்.

“இலையை நீங்க வாங்கிக்குங்கக்கா. உங்களுக்கும் வேலையாச்சு. நான் சும்மா பேச்சுத் துணைக்கு வரேன்.”

சரி என்றேன். அழகிரி இலைக்கட்டை என் வீட்டில் இறக்கினான். பேச்சுத் துணைக்கு வந்தவள் முழங்கை வரை இலைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் விடியலில் கண்ணைத் திறந்தேன். கூரை சுற்றியது. வாயில் தண்ணீர் ஊறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே அமிர்தம் குனிந்திருக்கிறாள், இருளாயி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்திலேயே நானும் உட்கார்ந்து குடலைக் கக்கினேன்.

“உனக்கு என்னா கேடு?” என்றாள் இருளாயி.

“நேத்து நண்டு தின்னேன் பெரியம்மா.”

மறுநாள் நண்டு இல்லை, ரசம்தான். ஆனால் வாந்தி இருந்தது. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே போக முடியவில்லை. திங்கட்கிழமை எழுந்தேன், உடம்பு கல் மாதிரி இருந்தது. பல்லில் சாம்பலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தாலி இறங்கிப் பன்னிரண்டு வருஷமான விதவை, வயது நாற்பத்திரண்டு. எனக்கும் மசக்கை, எனக்கும் சோமவார விரதம் என்றால், வயிற்றில் இருக்கிறது என்ன? ஞாயிற்றுக்கிழமை கொட்டகை லீவு. இலை வராது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அவள் வந்து இலையில் கை வைத்ததும், “கையை எடுடி,” என்றேன். எடுக்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“அத்தை இலையை நிறுத்தின மறுநாளே தெரிஞ்சுபோச்சுக்கா.” நரம்பை உரித்துக்கொண்டே சொன்னாள். “தெரிஞ்சும், இன்னொரு தரம் பாத்துருவோம்னு தோணுச்சு.”

“அப்புறமும் ஏன்டி? உடம்பு என்னத்துக்காகும்?”

“நின்னுட்டா புதூருக்குப் போயிருவாங்க.” அடுத்த இலையை எடுத்து மடியில் போட்டாள். “அது மட்டும் இல்லக்கா. அத்தை நெத்தியைப் புடிச்சுக்கிறாங்க. எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படித் தொட்டதில்ல.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை. இருளாயி மேல், தெரு மேல், தினமும் கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போகும் அந்த ஊமை மேல். பதினைந்து வருஷம் இலையிலேயே கிடக்கிறவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் முதல் இலை உரிப்பதில்லை என்று சொல்லிவிட நினைத்தேன். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. தினம் காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் சந்தித்துக்கொண்டோம். எனக்கு நாலைந்து நாளில் பழகிவிட்டது. அவளுக்கும் பழக ஆரம்பித்தது. வாந்தி குறையக் குறைய இன்னும் ஆழமாகக் கையை விட்டாள்.

கார்த்திகையில் தார் முற்றிவிட்டது. இருளாயி அரிவாளோடு கொல்லையில் நின்றாள். தாரை வெட்டிக் கிடத்திவிட்டு, “குளிச்சுட்டு வா, நீயும் தொட்டுக் கொடுத்தாத்தான் சாமிக்குச் சேரும்,” என்று மருமகளைக் கூப்பிட்டாள். அழகிரி கோவிலுக்கென்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். நான் ஜன்னலில் இருந்தேன்.

அமிர்தம் வந்தாள். தாரைத் தொடவில்லை.

“அத்தை, சாமிகிட்ட எப்படிப் பொய் சொல்றது? வயித்துல ஒண்ணும் இல்ல. அது அந்த ஈர இலை பண்ற வேலை. ரோசரியக்காவுக்கும் அப்படித்தான் வந்துச்சு.”

இருளாயி அரிவாளைக் கீழே வைத்தாள். என் ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

“உனக்குத் தெரியுமாடா?”

“மொத நாளே தெரியும்மா. ஈர இலைச் சாறு தோல் வழியா உடம்புல ஏறும், புதுசா தொடுறவங்க எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்துச்சு.”

“ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ மறுநாளே புதூருக்குப் போயிருப்பே.” அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “நான் கட்டிக்க மாட்டேன்னு சொன்னா நீ அழுவே. வேற வழி தெரியல. அதான் இலையை நல்லா நனைச்சே கொண்டாந்தேன்.”

அமிர்தம் அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தெரிந்தே செய்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாளே, இலையை நனைத்துக் கொடுத்தது அவன்.

அன்றைக்கு யாரும் மலைக்குப் போகவில்லை. இருளாயி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றுவிட்டாள். தார் கொல்லையிலேயே மழையில் கிடந்தது. எனக்குப் பகீரென்று இருந்தது. விடிந்தால் கிழவி என்ன சொல்லப் போகிறாளோ என்று.

விடிந்ததும் ஜன்னலுக்கு வந்தேன். அமிர்தம் வழக்கம்போலக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பழக்கத்தில் வந்துவிட்டாள் போலிருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளாயி கதவைத் திறந்தாள். கையில் செம்புத் தண்ணீர் இருந்தது. நேராக வந்து அதைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் பின்னால் குனிந்து, நெற்றியை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள்.

“வாந்தி வரல அத்தை,” என்றாள் அமிர்தம்.

“தெரியும்,” என்றாள் இருளாயி. கையை எடுக்கவில்லை.