திவாலானவர் வீட்டுச் சாப்பாடு

கடனாளி ஆவது சுலபம். கடனாளிதான் என்று கோர்ட்டை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் நடையாய் நடக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் அப்படி நடந்தோம்.

மலைமேல் புதூர்நாட்டில் எங்களுக்குப் புளிக்கடை. மலைக்காரர்களிடம் கடன் சொல்லிப் புளி வாங்குவோம். வாணியம்பாடி மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தோம். அந்த வருஷம் கிடங்குக் கூரை ஒழுகி, சேர்த்த புளியெல்லாம் கறுத்துப் புழு வைத்தது. மேலேயும் கடன், கீழேயும் கடன். ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போய்விடலாம் என்றார் அவர். "போறதுன்னா நீங்க போங்க, நான் வரல" என்றேன். அந்த மலையை விட்டால் எனக்கு வேறு ஊர் கிடையாது. பிறந்த வீட்டில் போய்த் தம்பி பெண்டாட்டிக்குப் பாத்திரம் தேய்க்க எனக்கு மனசில்லை. அப்போதுதான் யாரோ மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம் என்றார்கள். திவால் என்று கோர்ட்டே சொல்லிவிட்டால் ஓடி ஒளிய வேண்டாமாம்.

எந்தக் கோர்ட் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சொந்த ஊர் சந்தவாசல். சொந்த ஊரில்தான் மானத்தையும் விட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினோம். அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் ஒரு குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"கட எங்க வெச்சிருக்கே?"

"புதூர்நாட்டுலங்க."

"தூங்கறது?"

"கடையிலதாங்க."

"அப்ப ஒன் கோர்ட்டு திருப்பத்தூரு. மல ஏறி அந்தாண்ட எறங்கு."

மனிதன் எங்கே தூங்குகிறானோ அங்கேதான் திவாலாக முடியும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. திரும்பி ஏறும்போது வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மூச்சு வாங்கியதால் பாதிதான் திட்ட முடிந்தது.

திருப்பத்தூரில் எங்கள் வக்கீலின் குமாஸ்தா சொத்து விவரம் எழுதினார். தாலியையும் சமையல் பாத்திரங்களையும் கோர்ட் தொடாது. கடைத் தராசு முதற்கொண்டு மற்றதெல்லாம் ஏலத்துக்குப் போகும் என்றார். "இவர?" என்று வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டேன். குமாஸ்தா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கடன் கொடுத்த எல்லாருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போனது. மறுவாரம் ஊர்க்கவுண்டர் கடைக்கு வந்தார். மலையில் வழக்குத் தீர்ப்பவர் அவர்; எங்களுக்குப் புளி கொடுத்தவரும்கூட. அவர் கையில் நோட்டீஸைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். கவுண்டரோ நிதானமாக உட்கார்ந்து, "நாங்க எல்லாம் வர்றோங்க. பஞ்சாயத்துக்குக் கூப்ட்டது நீங்க. சோறு ஒங்களுதுதான?" என்றார்.

மலையில் அப்படித்தான். பஞ்சாயத்தை யார் கூட்டுகிறார்களோ அவர்கள்தான் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். இது கோர்ட் என்றேன். "கூப்ட்டுதான கீறீங்க?" என்றார். எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றேன்.

"பாத்திரம் கீதில்ல?"

"அது இருக்கு. கோர்ட்டு தொடாதாம்."

"அப்ப சாம அரிசி நாங்க போடறோம். நீங்க ஆக்கிடுங்க."

வாய்தாவுக்கு முந்தின ராத்திரி விடிய விடிய சமைத்தேன். மலைக்கு ஒரே ஜீப். கடன் வாங்கிய நாங்களும் கடன் கொடுத்தவர்களும் அதிலேயே ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து இறங்கினோம். வளைவுக்கு வளைவு புளிக்குழம்பு தளும்பி என் புடவையில் கொட்டியது. இருந்ததில் நல்ல புடவை அதுதான்.

கோர்ட் வாசல் மரத்தடியில் அண்டாவை இறக்கியதும் எங்கள் குமாஸ்தா ஓடி வந்தார். "ஊருக்கே சோறு போட்டா ஒன்ன எவன்மா திவால்னு நம்புவான்? மூடு, மூடு!" குழம்பு வாசனையை மூட முடியுமா? மண்டிக்காரரின் வக்கீல் அதை மோந்துவிட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மண்டிக்காரரின் வக்கீல் எழுந்து, "இவர்கள் இப்போதுகூட வெளியே விருந்து வைத்திருக்கிறார்கள். திவால் என்பது சுத்தப் பொய்" என்றார். மனு தள்ளுபடியானால் மண்டிக்காரர் விட மாட்டார்; இவர் ஓடிவிடுவார்; நான் பிறந்த வீட்டுப் பாத்திரத்துக்குத்தான் போக வேண்டும். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் புடவையில் இருந்த குழம்புக் கறையை முந்தானையால் மறைத்தேன்.

பின்னாலிருந்து கவுண்டர் கை கூப்பினார். "சாமி, சாம எங்களுது. புளியும் எங்களுது. பாத்திரந்தான் அவங்களுது. ஒண்ணுமில்லாதவங்கன்னுதான் நாங்க கொண்ணாந்தோம்."

"நீங்களும் கடன் கொடுத்தவர்தானே? ஆட்சேபனை இல்லையா?"

"அவருகிட்ட இல்லேன்றது எங்களுக்கும் தெரியுங்க. மலைய வுட்டுப் போய்டுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தோம்."

அதைக் கோர்ட் கேட்க முடியாது என்றார் நீதிபதி. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போமாட்டோங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

திவால் என்று தீர்ப்பானது. மரத்தடியில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எங்கள் குமாஸ்தா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

பிறகு கோர்ட் ஆள் வந்து தராசு, படிக்கல், சாக்கு என்று எல்லாவற்றையும் திருப்பத்தூருக்குக் கொண்டு போய் ஏலம் போட்டார். வெறுங்கடையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த புளிக்காலம் வந்தது. ஒரு காலை கவுண்டர் மூட்டைகளோடு வந்து இறங்கினார். கூட வந்தவர்கள் எங்கள் பழைய தராசைத் தூக்கி வந்து அதே கொக்கியில் மாட்டினார்கள். ஊரே காசு போட்டு ஏலத்தில் எடுத்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை பேர் மனசிலும் எங்களுக்கு இடம் இருந்திருக்கிறதே என்று கவுண்டரைக் கும்பிடப் போனேன்.

அவர் படிக்கல் வைக்கிற தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இனிமே தராசு எங்களுதுங்க. நீங்க நிறுத்தாப் போதும். முன்ன மாதிரி தட்டு அடியில எதையும் ஒட்ட மாட்டீங்க பாருங்க" என்றார்.

அழுதுகொண்டிருந்த மனிதர் டக்கென்று நிறுத்தினார்.