தீர்மானப் புத்தகத்தில் ஓர் அடித்தல்

எண்பதுகளின் பிற்பகுதியில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியின் கூடைப்பந்துக் கழகத்துக்கு நான் செயலாளராகவும் முதன்மை ஆட்டக்காரனாகவும் இருந்தேன். இரண்டும் ஒருவரிடமே இருந்ததற்குக் காரணம் எளியது. கல்லூரி அணியில் ஆடியவன் நான் ஒருவனே. பிழையில்லாமல் தீர்மானம் எழுதத் தெரிந்தவனும் நான் ஒருவனே. தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நாங்களே சிமெண்டு பூசிய ஆடுகளத்தில், வலப்பக்க மூலையிலிருந்து நான் எறியும் பந்து பலகையைத் தொடாமல் வளையத்தில் இறங்கும். அந்த இடத்துக்கு 'சார் மூலை' என்றே பெயர். நான் கேட்டுப் பெற்ற பெயரன்று, மறுத்த பெயருமன்று.

எனக்கு முப்பத்து நான்கு வயது நடந்தபோது கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. அங்கே புதிதாகத் தொடங்கிய கழகத்தில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இருந்தார். உயரம் ஆறடி நான்கு அங்குலம். தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தார். வகுப்பு முடிந்து செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து ஊர் திரும்புவதற்குள் அங்கே பயிற்சி முடிந்துவிடும். ஆகவே எங்கள் அணியில் ஆட விரும்பினார். அவர்கள் கழகத்தை நடத்தியவர் தடை சொல்லவில்லை. ஆனால் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திட ஒரு நிபந்தனை வைத்தார். பதிலுக்கு என்னைத் தர வேண்டும்.

அந்தக் கூடுவாஞ்சேரிக்காரர் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வயல்களை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இளைஞரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரில் வந்தார். என் மூலை எறிதலைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க பசங்க நல்லா ஆடுறானுங்க சார். ஆனா மேட்சுக்கு மேட்சு ரெஃப்ரீகிட்ட சண்டை. இவனுங்க தமிழ்ல கத்த, அவரு இங்கிலீஷ்ல ஃபவுல் குடுக்க, ஒரே பேஜாரு. நீங்க வந்து நின்னு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசினா டீமுக்கே ஒரு மரியாதை."

"நான் ஆடவும் செய்வேன்" என்றேன்.

"ஆடுங்க சார், தாராளமா ஆடுங்க" என்றார் பெருந்தன்மையாக.

கழகத்தின் செயற்குழு அப்போதே கூடியது. காலனிச் சங்கத்தின் அறை. எவர்சில்வர் தம்ளர்களில் தேநீர். ஒரு தட்டில் பட்டர் பிஸ்கட். எங்கள் தலைவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் வெளியே இருந்தால் மற்றவர்கள் தாராளமாகப் பேசலாம் என்று தயக்கத்துடன் சொன்னார்.

"அப்ப மினிட்ஸ் யார் எழுதறது?" என்று கேட்டேன்.

எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

"செக்ரட்டரி உள்ள இருக்கட்டும் சார். ப்ளேயர் வெளிய போயிட்டதா வச்சுக்குங்க" என்றேன். அவ்வாறே ஏற்கப்பட்டது. என்னைக் குறித்த விவாதத்தை நானே பதிவு செய்யத் தொடங்கினேன்.

எனக்காக வாதாடியவர் எங்கள் கேப்டன். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். "இன்னா சார் பேசுறீங்க? அந்தத் தம்பி ஒயரமா கீறாரு, சரி. ஃப்ரீ த்ரோ போடச் சொன்னா கை நடுங்குது. கடைசி ரெண்டு நிமிசத்துல பாலை யார் கையில குடுப்ப? சார் ஓட மாட்டாரு, ஒத்துக்கிறேன். ஆனா மூலையில நின்னாப் போதும்."

'ஆட்டக்காரரின் வேகம் குறித்து உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதினேன்.

தலைவர் எதிர்த் தரப்பை எடுத்தார். "இந்த வருஷத்தை மட்டும் பார்த்தா நீ சொல்றது சரி. மூணு வருஷம் கழிச்சு? அப்பவும் சார் மூலையிலதான் நிப்பார். அந்தப் பையன் எங்கே நிப்பான்னு யோசி."

என் மனத்தில் இருந்த கவலையை மறைப்பதற்கில்லை. தானாக ஆட்டத்தை நிறுத்துவது கௌரவம். ஓர் இளைஞருக்கு ஈடாகக் கைமாற்றப்பட்டேன் என்ற பேச்சு அப்படிப்பட்டதன்று. மார்க்கெட்டில், அலுவலகத்தில், மின்ரயிலில் தினமும் உடன் வருபவர்களிடத்தில், அந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் நிற்கும். அதில் கரையப்போவது பதினோரு ஆண்டுகள் சேர்த்த பெயர்.

கை தூக்கச் சொன்னபோது ஒரு கை வித்தியாசத்தில் தலைவர் பக்கம் வென்றது. நான் வாக்களிக்கவில்லை. வழக்கப்படி தீர்மானத்தை எழுதி உரக்கப் படித்தேன்: "கழகத்தின் நலன் கருதி, நமது மூத்த ஆட்டக்காரரை விட்டுக்கொடுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது."

கேப்டன் தம்ளரைக் கீழே வைத்தார். "சார், அந்த வார்த்தை மட்டும் வேணாம். நாளைக்குக் கடையாண்ட நாலு பேரு வந்து, 'உங்க சாரையே விட்டுக்குடுத்துட்டீங்களாமே'ம்பாங்க. யாரையும் விட்டுக்குடுத்த டீம் இல்ல இது."

"'மாற்றிக்கொள்வது'ன்னு போடலாமே?" என்றார் தலைவர்.

"சந்தையில மாடு மாத்துற மாதிரி கீது."

"அனுப்பிவைப்பது?"

"பொண்ணை மாமியார் வூட்டுக்கு அனுப்புற மாதிரி கீது சார்!"

அறை சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், செயலாளராக இருந்ததால் சிரிக்கவில்லை. சொல் கிடைக்காமல் தீர்மானம் நின்றது. தேநீர் இரண்டாம் முறையும் வந்தது. ஒரு சொல்லுக்காக விஷயமே கைவிடப்படும் போலிருந்தது; அதில் எனக்குள் ஓர் ஆறுதல் எழுந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

சன்னலுக்கு வெளியே பந்து தட்டும் ஓசை கேட்டது. காத்திருந்து அலுத்த இளைஞர், என் மூலையிலிருந்து எறிந்துகொண்டிருந்தார். ஐந்து முறை எறிந்தார், ஐந்தும் தவறின. ஆனால் தவறிய பந்து ஒரு முறைகூடத் தரையைத் தொடவில்லை. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து எந்தப் பக்கம் வரும் என்பதை அது தெறிக்கும் முன்பே அறிந்து, ஓடி, எம்பி, இரு கைகளாலும் பறித்துக்கொண்டார். எறியக் கற்றுக்கொடுத்துவிடலாம். அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. கூடைப்பந்து தெரிந்தவன் என்று பெயர் வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதை மறுத்து எழுத என்னால் இயலவில்லை.

பேனாவை எடுத்தேன். எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, கீழே வேறு எழுதிப் படித்தேன்: "கழகத்தின் நலன் கருதி, மூத்த ஆட்டக்காரர் தமது இடத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார்."

கேப்டன் தம்ளரை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "ஆங், 'தாமே' போட்டீங்க பாரு. இது கரெக்டு" என்றார்.

கூடுவாஞ்சேரிக்கு இரண்டு ஆண்டுகள் ஆடினேன். நடுவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினேன். கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் 'எக்ஸ்க்யூஸ் மீ சார்' என்று தொடங்கிச் சண்டையிடும் அளவுக்கு முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆட்டம் ஒன்று தாம்பரத்தில், அதே சிமெண்டுத் தரையில் அமைந்தது. பழகிய மூலையில் போய் நின்றேன். தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒருவன், "பெருசுக்கு மூச்சு வாங்குது, யாராவது சோடா குடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தான்.

அந்நேரம் பந்து எதிரணியில் ஆடிய எங்கள் பழைய கேப்டனிடம் இருந்தது. அவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "எவன்டா அவன்? சாரைப் பேசுனே, வந்து பல்லைக் கழட்டிடுவேன். இது யாரு மூலைன்னு தெரியுமா உனக்கு?"

பந்தை ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்திருந்ததற்காக நடுவர் ஊதினார். பந்து எங்களுக்கு வந்தது. ஒரு சொல்லுக்காக வாதாடியவர், ஊரார் முன்னிலையில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை, பந்தைத்தான் விட்டுக்கொடுத்தார்.

அந்தப் பந்து என் கைக்கே வந்தது. மூலையிலிருந்து எறிந்தேன். நல்ல எறிதல்தான். இளைஞர் எங்கிருந்தோ வந்து எம்பி, அதை என் தலைக்கு மேலாகத் தொட்டிப் பக்கம் தட்டிவிட்டார். தாம்பரம் வென்றது.

"இன்னா சார், அந்த ப்ளாக்கு?" என்றார் கேப்டன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"சுத்தமான ப்ளாக்."

"நீங்க குடுத்த எடம் சார்" என்றார்.

அந்த ஆண்டோடு ஆட்டத்தை நிறுத்தினேன். தொண்ணூறுகளில், எனக்குப் பின் செயலாளரானவர் கழகத்தின் பழைய பதிவுகளைப் புதிய புத்தகத்தில் படியெடுத்தார். என் கையெழுத்தில் இருந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே ஓர் அடித்தல்தான் இருப்பதாகச் சொல்லி, அதைச் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

அடித்தலையும் அடித்தலாகவே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.