முளைவிட்ட கடுகுப் பை

தையல்காரிக்குப் புற்றுநோய் வந்து ஒரு பக்க மார்பை எடுத்து நாலைந்து வருஷம் இருக்கும். வாயை மட்டும் எந்த டாக்டராலும் குறைக்க முடியவில்லை. அதே நோயைத் தாண்டி வந்த பெண்கள் வாரந்தோறும் மருத்துவமனை மாடியறையில் கூடிப் பேசுவார்கள். கூட்டத்தை நடத்தும் ஆலோசகர் தொண்டையைச் செருமுவதற்குள் இவள் பாதிக் கதையை முடித்திருப்பாள்.

புதிதாக வந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். காயம் ஆறியும் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மூலையிலேயே உட்கார்ந்திருப்பாள். எது கேட்டாலும் தலையாட்டல்தான். விடுப்பு முடியப்போகிறது, வேலையையே விடுகிறேன் என்கிறாள் என்று அவள் கணவர் வாசலில் நின்று தையல்காரியிடம் புலம்பினார். பஸ்ஸில் அத்தனை கண்ணும் தன் மேல்தான் மேயுமாம்.

தையல்காரிக்கு மனசு கேட்கவில்லை. அவளும் முதலில் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தவள்தான். மிஷினை மிதிக்க மிதிக்க அது மேலேறி, தோள்பட்டையில் வந்து எட்டிப் பார்த்தது. கனம் வேண்டும் என்று புரிந்து, துணிப்பையில் கடுகை நிரப்பித் தைத்தாள்; வைத்த இடத்தில் கிடந்தது. அப்படியே ஒன்றைக் கண்டக்டருக்கும் கொடுத்தாள். வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள் அவள்.

அடுத்த வாரம் கண்டக்டர் தானாக எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்க குடுத்தது முளைச்சிருச்சு."

எடுத்துக் காட்டினாள். தையல் இடுக்கெல்லாம் இளம்பச்சைக் குருத்து. போட்டுப் பார்த்துப் பிடித்துப்போய், வேர்வை பட்டதே என்று துவைத்து, யார் கண்ணிலும் படாமல் குளியலறை மூலையில் காயவைத்தாளாம். துவைக்கக் கூடாது என்று சொல்ல, அவ்வளவு பேசும் தையல்காரி மறந்துவிட்டாள்.

"போனது போனதுதான், திரும்ப வளராதுன்னாரே டாக்டர்" என்றாள் கண்டக்டர், முகம் மாறாமல்.

ஆலோசகர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல்காரிக்கு வயிறே வலித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது கண்டக்டரின் கண்கள் நனைந்திருந்தன. வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடியதை, கணவர் முன்னால் நிற்கவே கூசியதை, அவளே சொல்ல ஆரம்பித்தாள். தையல்காரி அன்றைக்குத்தான் முதன்முறையாகக் குறுக்கே பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் புதுப் பை தைத்தாள். இந்தத் தடவை ஜிப் வைத்த மேலுறை. துவைக்கும்போது கடுகை வெளியே எடுத்துவிடலாம்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை காலை, தன் கடைக்குப் போகாத பஸ்ஸில் வேண்டுமென்றே ஏறினாள் தையல்காரி. கண்டக்டர் அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்திருந்தாள். பணப்பை இடுப்போரம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போங்க, உள்ளே போங்க என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே வந்தவள், இவள் காதருகே குனிந்தாள்.

"இன்னும் தண்ணி காட்டலக்கா."

விசிலை ஊதினாள்.