வெடிக்க மறுத்த தோட்டா

மலேசியாவில், சித்தியவான் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் நாசம் செய்ததால், துரை என்னிடம் துப்பாக்கி கொடுத்திருந்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டா ஒன்றின் பித்தளைக் கூட்டில் வீட்டிலேயே புது வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்தேன். நான் தயாரித்த முதல் தோட்டா அது.

விடியற்காலைப் பனியில் புதர் அசைந்தது. கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. குறிவைத்து விசையை அழுத்தினேன். ‘டக்’கென்ற சத்தம் மட்டுமே கேட்டது.

புதரிலிருந்து எழுந்தவர் எங்கள் தொழிலாளர் லயத்து முனியம்மா அக்கா. கறுப்புச் சேலை, கை நிறையக் கீரை.

“யாரு, தம்பியா? பன்னி இந்தப் பக்கம் வரலை லா!”

துப்பாக்கியைத் தாழ்த்தினேன். அக்கா போனதும், வானத்தை நோக்கி மறுபடியும் விசையை அழுத்தினேன். அதே தோட்டா இடிபோல் வெடித்தது.

முதலில் அதைத் தடுத்தது எது என்று இன்றுவரை தெரியவில்லை. அக்காவிடம் சொல்லவும் துணிவில்லை. அவர் எதிரில் வந்தால் என்னையறியாமல் கைகூப்பிவிடுகிறேன்.

“என்ன தம்பி, நான் என்ன சாமியா?” என்று சிரிப்பார்.