தங்கை நிகழ்த்தாத உரை

என் தங்கை எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைந்துவிட்டது. காலையில் ஆப்திகக் காரியங்கள் முடிந்து, இலை போடுவதற்கு முன் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். தமிழ் படிக்கத் தடுமாறும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவர். வீட்டில் நான் அவரை ஒருநாளும் மரியாதை போட்டுப் பேசியதில்லை. அச்சிலாவது அது இருக்கட்டும் என்று 'அவர்' என்றே எழுதுகிறேன்.

மாட்டுங்காவில், ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கை பிறந்தார். எங்கள் அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் அப்பா மாரடைப்பில் விழுந்து காலமானார். அதற்குப் பிறகு நான் படிப்பை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனேன். தங்கை படித்தார். எனக்குப் பிடித்த அதே பௌதிகத்தை எடுத்து, என்னைவிட நன்றாகப் படித்தார். 'அண்ணாதான் படிக்க வெச்சான்' என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்வார். அது என் காதில் விழும்போது மனம் நிறைந்திருக்கும். தங்கை அதை ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவருக்கு உதவித்தொகை கிடைத்திருந்ததை நானும் யாரிடமும் சொன்னதில்லை.

பூமியின் காந்தத்தை ஆராயும் ஒரு நிறுவனத்தில் தங்கை வேலைக்குச் சேர்ந்தார். மகாராஷ்டிரத்தின் கரும்பாறைக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பூமிக்குள் தானாகவே ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை அளந்தால், கீழே பாறை வறண்டிருக்கிறதா, நீர் ஊறியிருக்கிறதா என்று சொல்லலாம். சில ஊர்களில் மட்டும் நிலம் ஏன் திரும்பத் திரும்ப நடுங்குகிறது என்பதற்கும் அதிலிருந்து ஒரு விடை கிடைக்கும். மின்சார ரயில் ஓடும் இடத்தில் அந்த அளவு கெட்டுப்போகும் என்பதால், தண்டவாளத்திலிருந்து வெகுதூரம் உள்ள கிராமங்களுக்கு ஜீப்பில் போவார். வயலில் குழி வெட்டிக் கருவியைப் புதைத்துவிட்டு நாள்கணக்கில் காவல் இருப்பார். புதையல் தேடுகிறார் என்று ஊர்க்காரர்கள் சுற்றி நிற்பார்களாம். கிணறு வெட்ட இடம் சொல்லுங்கள் என்று கேட்டால், தெரிந்தவரை அதையும் சொல்லிவிட்டு வருவார்.

கருவிக்குப் பக்கத்தில் இரும்பு கூடாது. அதனால் புடவைக்கு ஊக்கு இல்லை, தலைக்கு ஹேர்பின் இல்லை. கொண்டையைப் பருத்தி நூலால் கட்டிக்கொள்வார். வெளியூரிலிருந்து அப்படியே வீட்டுக்கு வந்து நிற்கும்போது அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "உன்ன இந்தக் கோலத்துல எவனாவது பொண்ணு பாக்க வந்தா, வந்த வழியே ஓடிடுவான்டி" என்பார். "ஓடறவன் காந்த முள் மாதிரி எந்தப் பக்கம் ஓடறான்னு பாத்துச் சொல்லும்மா, அந்தப் பக்கம் இரும்பு இருக்கும்" என்று தங்கை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

திருமணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செம்பூரில் ஒரு நல்ல இடம் வந்தது. பையன் கல்லூரி ஆசிரியர். வெளியூர் வேலை பற்றித் தெரிந்தும் சம்மதித்தவர். அதே சமயம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, நாக்பூருக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அப்போதே மூட்டு வீங்கி நடக்க முடியாது. அம்மாவை நாக்பூருக்கு அழைத்துப் போயிருக்கலாம், அல்லது நான் பதவி உயர்வை விட்டிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. அந்த இடம் வேண்டாம் என்று தங்கையே சொல்லிவிட்டார். வேறு எதையும் சொல்ல நான் அவருக்கு வழி விடவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு குடும்பம் செம்பூருக்கு மாறியது. நானும் மாற்றலாகித் திரும்பி வந்தேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், புவி இயற்பியல் ஆய்வுக்காக ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் தரப்படும் தேசிய அளவிலான பதக்கம் தங்கைக்கு அறிவிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் விழா. பதக்கம் பெறுகிறவர் நாட்டின் புவி இயற்பியலாளர்கள் அனைவருக்கும் முன்னால் தம் ஆய்வைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்பது அதன் வழக்கம். தங்கைக்குப் பதக்கத்தைவிட உரைதான் பெரிதாக இருந்தது. பல இரவுகள் உட்கார்ந்து எழுதினார். திரையில் ஒளி பாய்ச்சிக் காட்டும் கண்ணாடித் தாள்களில் வரைபடங்களைத் தம் கையாலேயே வரைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எங்களுக்குப் பேசிக் காட்டினார். அம்மா கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்டார். அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் முடிகிற வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்தது. நான் பாதியில் எழுந்து கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் கோயிலில் ஒருவர் என்னிடம், "நீங்க அந்த சயின்டிஸ்ட்டோட அண்ணாவா?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் தங்கையைத்தான் இன்னாருடைய தங்கையா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

விழாவுக்கு எட்டு நாள் முன்பு அம்மா காலமானார்.

திருமணமான பெண்ணுக்குப் பெற்றோர் தீட்டு மூன்று நாள். திருமணமாகாத பெண் பிறந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதால் பத்து நாளும் உண்டு. விழா அந்தப் பத்துக்குள் வந்தது. தங்கை இரண்டாம் நாள் என்னிடம் வந்து கேட்டார். "அண்ணா, காலம்பற ஃப்ளைட்ல போய் ராத்திரி வந்துடறேன். வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியா?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "கல்யாணம் ஆயிருந்தா உனக்கு மூணு நாளோட போச்சு. ஆகலையே."

தங்கை, "கேட்டுப் பாரேன்" என்று மட்டும் சொன்னார்.

காரியங்களை நடத்திவைத்த புரோகிதரான வாத்தியாரிடம் நான் கேட்டேன். எனக்கும் ஒரு காரியம் இருந்தது. வங்கிப் பெட்டக அறையின் சாவி ஒன்று என்னிடம் இருந்தது, நான்காம் நாள் அதை நேரில் போய் ஒப்படைத்தாக வேண்டும். வாத்தியார் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "உத்தியோகக் கடமைன்னா போய்ட்டு வரட்டும். வந்து ஸ்நானம் பண்ணிண்டா போறும். உங்களுக்கும் அதான், அவளுக்கும் அதான். தாராளமா போகட்டும், அம்மா சந்தோஷப்படுவா."

வீட்டுக்கு வந்து தங்கையிடம், "கேட்டேன். கூடாதுங்கறார்" என்றேன்.

நான்காம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு நான் வங்கிக்குப் போனேன். நான் கிளம்பும்போது தங்கை கதவைத் திறந்துவிட்டார்.

ஹைதராபாத்தில் தங்கையின் துறைத் தலைவர் அவர் சார்பில் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். ஆய்வைப் பற்றி அவரே தம் சொந்தச் சொற்களில் சிறிது நேரம் பேசினார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன், அன்று மேடையில் யாராவது பேச வேண்டியிருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த ஆய்வு என்றால் வெளியில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்து வந்த பெரிய திட்டமும் அவரிடம் போனது. தங்கை அவருக்குக் கீழேயே வேலை செய்து ஓய்வு பெற்றார். வீட்டில் இதைப் பற்றி அவர் பேசியதில்லை. தங்கை போன பிறகு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் துக்கம் கேட்க வந்தபோது சொல்லித்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இனி, உங்களில் பலர் உடன் இருந்த ஒரு நாளைப் பற்றி. அம்மாவின் பதின்மூன்றாம் நாள், தீட்டுக் கழிந்து வீட்டில் மங்கலம் தொடங்கும் சுபஸ்வீகாரம். பந்தி நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, பரிமாறிக்கொண்டிருந்த தங்கையிடம், "ஹைதராபாத் போய்ட்டு வந்தியாம்மா? நன்னா நடந்துதா?" என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "போகலை மாமா. எனக்கே வேண்டாம்னு தோணித்து" என்றார். ரசம் வாளியுடன் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அந்தப் பந்தியிலிருந்துதான் அந்தக் கதை கிளம்பியது. அம்மாவுக்காகப் பதக்கத்தையே துறந்த பெண் என்று அம்பர்நாத்திலிருந்து பாலக்காடு வரை நம் உறவினர் எல்லோரும் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் என் காதுபடச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இந்த மலருக்காக வந்த குறிப்புகள் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. அதை எல்லாவற்றிலிருந்தும் நான் அடித்துவிட்டேன். தங்கை எதையும் துறக்கவில்லை. போக விரும்பினார், என்னிடம் வந்து கேட்டார், வாத்தியாரும் சம்மதித்தார். தடுத்தவன் நான். சாஸ்திரத்துக்காகத் தடுக்கவில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்ததைப் பொறுக்க முடியாமல் தடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு தங்கை செம்பூர் வீட்டில் இருந்தபடியே மாணவர்களுக்கு வழிகாட்டினார். சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்குப் போய் வந்தார். கடைசி மாதங்களில் படுக்கையோடு இருந்தார். தாராவியிலிருந்து செல்வி என்ற பெண் வந்து பார்த்துக்கொண்டார். அப்போது தனி வீட்டில் குடியிருந்த நான் தினமும் போவேன். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒருநாள் செல்விக்குப் பொறுக்கவில்லை. "எவ்ளோ நாளைக்கு வாசப்படியிலயே நிப்பிய? அக்கா முழிச்சுதான் கெடக்காவ. உள்ள போயி நாலு வார்த்தை பேசுங்க, பேப்பர் எங்கயும் ஓடிராது" என்றார்.

உள்ளே போனேன். "வாத்தியார் போகலாம்னுதான் சொன்னார்" என்றேன். இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

"தெரியுமே" என்றார் தங்கை. "அவர் கேட்ட அன்னிக்கே தெரியும்."

எனக்காகத்தான் அப்படிப் பதில் சொன்னாயா என்று கேட்டேன். மன்னிப்பு ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இல்லண்ணா. பந்தி நடந்துண்டிருந்தது" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். அப்போது சொன்னார்: "மெடல் அப்பறம் கைக்கு வந்துடுத்து. அந்த லெக்சர்தான் போச்சு. நன்னா எழுதியிருந்தேன்."

என் தங்கை என்னிடம் சொன்ன ஒரே குறை அதுதான். அடுத்த வாரம் காலமானார்.

வீட்டை ஒழித்தபோது, அவருடைய பீரோவின் மேல்தட்டில் அந்தக் கண்ணாடித் தாள்கள் துணியில் சுற்றி அப்படியே இருந்தன. உரையும் உடன் இருந்தது. பதக்கம் ஊக்கு, ஊசி போடும் டப்பாவில் கிடந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சிகிச்சை தந்த மருத்துவருக்கும், நாள் தவறாமல் டயாலிசிஸுக்கு அழைத்துப் போன செம்பூர் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும், வெளியூர்ப் பயணங்களில் ஜீப் ஓட்டி, கடைசிவரை விக்ரோலியிலிருந்து வந்து பார்த்துப் போன ஓட்டுநருக்கும், என்னை உள்ளே போகச் சொன்ன செல்விக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று மாலை ஆறு மணிக்கு, இதே கட்டடத்தின் மாடிக் கூடத்தில், தங்கையின் மாணவி அந்த உரையைத் தங்கை எழுதியபடியே வாசிக்கப் போகிறார். பழைய தாள்களைத் திரையில் காட்டும் கருவி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அவர் எங்கேயோ தேடிக் கொண்டுவந்திருக்கிறார். உரை முக்கால் மணி நேரம்.

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா உட்கார்ந்திருந்ததுபோல் முடிகிற வரை உட்கார்ந்திருங்கள். நானும் இந்த முறை எழுந்து போக மாட்டேன்.