நட்சத்திரம் கட்டாத வீடு

ஜெயஷீலா சொன்ன தேதிக்குத் துணியைத் தைத்துக் கொடுத்தாள் என்றால் முத்தையாபுரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நாசரேத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருடமே வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுவிட்டாள். எங்கள் சபையில் அவள் கைபடாத ரவிக்கை கிடையாது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போதுகூட யாராவது ஒருத்தி கொக்கிக்காக அவள் வாசலில் நிற்பாள். நானே ஒரு வருடம் ஊக்குக் குத்திய ரவிக்கையோடு பாடகர் குழுவில் நின்று பாடியிருக்கிறேன். திட்டினால் சிரிப்பாள்.

"போட்டுட்டுப் போங்க பிளாரன்ஸ் அக்கா, இயேசப்பா ரவிக்கையவா பாக்கப் போறாரு?"

அப்படிப்பட்டவள் போன டிசம்பர் பிறந்ததும் அத்தனை ரவிக்கையையும் தைத்து மடித்து, வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே மிச்சத் துணியும். என் மகள் ஜெப்ஸிக்குத் தன் பெரிய கத்தரிக்கோலையே கொடுத்துவிட்டாள். இந்த வருடமாவது திருந்தினாளே என்று எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தக் கத்தரிக்கோல் உறுத்தியது. தையல்காரி கத்தரிக்கோலை யாருக்காவது கொடுப்பாளா?

டிசம்பரில் எங்கள் ஆட்கள் வீட்டு வாசலில் எல்லாம் நட்சத்திரம் தொங்கும். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் கட்டுவதில்லை. கேரல் பாடி வருகிறவர்கள் அந்த வாசலில் மேளத்தை நிறுத்தி, ஜெபம் மட்டும் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வீட்டில் பலகாரமும் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருக்கிற நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஜெயஷீலா வீட்டில் நட்சத்திரம் இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. அவள் அம்மா மும்பையில் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அவர்தான் தவறிவிட்டார், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டி, முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கொண்டுபோனோம். அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அவள் கையைப் பிடித்து, "கெடந்து கஷ்டப்படாமப் போய்ச் சேந்தாங்களே, அத நெனச்சு ஆறிக்கோ" என்று தேற்றியபோதும் இல்லை என்று சொல்லவில்லை. குனிந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாளாம்.

அவள் கணவர் வில்பிரட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் வேலை, ஆளைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் அகப்பட்டார். அத்தை எப்போது தவறினார்கள் என்று துக்கம் விசாரித்தேன்.

"அத்தையா? காலைலதான என்ன போன்ல ஏசுனாங்க!"

"அப்போ நட்சத்திரம் ஏன் கட்டல?"

"அவ வேண்டாம்னுட்டா அக்கா. வெளிய சிரிச்சாலும், டிசம்பர் வந்தாலே வீட்டுக்குள்ள அவளுக்கு இப்படித்தான். பேச்சு கொறஞ்சிரும், சோறு எறங்காது. ஜனவரில சரியாயிருவா."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. உயிரோடு இருக்கிற தாயைச் சாகடித்துப் பலகாரம் வாங்கியிருக்கிறாளே! குடையைக்கூட விரிக்காமல் நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன். மூன்று நாளாக விடாத மழை, பகலிலேயே இருட்டிக் கிடந்தது. அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, விளக்கு இல்லை. தையல் மெஷினைப் போர்வையால் தலை முதல் கால் வரை மூடி, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கொடுத்த பலகாரமெல்லாம் கொடுத்த பாத்திரத்திலேயே இருந்தது. எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏளா, யாரு செத்தா ஒன் வீட்டுல?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் யாரும் சாகலக்கா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் அவளே சொன்னாள்.

"நட்சத்திரத்தக் கட்டிட்டா, பொறவு நீங்கதான வந்து கழத்தணும். பண்டிகை நேரத்துல ஒங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லைன்னுதான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. இதைச் சுற்றி வளைத்துக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது.

"சாகணும்னு நெனைக்கியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்னளா கொற ஒனக்கு? ஒன் மவன் ஸ்டெபின் சார்ஜாவுல நல்லா இருக்கான். வில்பிரட் ஒரு வார்த்த கடிஞ்சு பேச மாட்டாரு."

"ஒரு கொறையும் இல்லக்கா. அதான் யாருகிட்ட போயி என்னத்தச் சொல்ல? ஊரே சிரிக்கும்போது எனக்கு மூச்சு முட்டுது. அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சு நீங்க வந்தீங்க பாத்தீங்களா, அன்னைக்குத்தான் கேள்வி இல்லாம அழ முடிஞ்சுது."

வில்பிரட்டைக் கூப்பிட்டேன், சபைப் போதகர் ஐயரைக் கூப்பிட்டேன். ஐயர் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு அவரே ஆட்டோ பிடித்து வந்தார். பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர் அவளிடம் நிதானமாகப் பேசினார். பிறகு எங்களிடம், இது மன அழுத்த நோய், மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது என்றார்.

சங்கத்துப் பெண்களையும் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயையும் கூட்டினேன். துக்க வீட்டில் முறை வைத்து உட்காருகிற மாதிரி இவளோடும் உட்காருவோம் என்றேன்.

கிருபாபாய் முகத்தைச் சுளித்தாள். "சாவு விழாத வீட்டுல அப்படிப் போயி ஒக்காந்தா ஆகாதுல்லா?"

"விழுந்த பொறவு ஒக்காந்து யாரளா காப்பாத்தப் போற?" என்று கத்திவிட்டேன். கிருபாபாய்தான் முதல் ஆளாகப் போனாள்.

அன்றிலிருந்து முறை வைத்து உட்கார்ந்தோம். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அவள் எங்களிடம் பேசவே இல்லை. மாத்திரையை வாங்கி விழுங்குவாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மோசமாகவே எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் விடியற்காலை என் முறை. பிறந்ததிலிருந்து அந்த ஆராதனையை நான் தவறவிட்டதில்லை. முதல் மணி அடித்தது.

"போங்கக்கா, ஒங்களுக்குப் பாட்டு இருக்குல்லா" என்றாள், திரும்பாமலே. "நான் ஒண்ணும் பண்ணிக்கிட மாட்டேன்."

"நான் ஒன்ன நம்பலளா" என்றேன். மனதில் இருந்தது அதுதான்.

இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. மழையினூடே ஒலிபெருக்கியில் என் குழு நான் இல்லாமல் பாடியது. நாற்காலியை அவள் கட்டிலுக்கு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளியே வெளுக்கும் வரை அவள் அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்று அடிக்கடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு யாரு வாரா?" என்று திடீரென்று கேட்டாள்.

"ஆறுமுகத்தாய்."

"அவங்களுக்குக் கடுங்காப்பி ஆகாது. பாலு வாங்கி வைக்கணும்" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன்.