செம்மஞ்சள் புரதமும் ஒரு பிளேன்டீயும்

காலையிலேயே களைத்துப்போய்த்தான் ஆய்வுகூடத்துக்குப் போவேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே கால் கடுக்கும். அங்கே எனக்கு ஒரு புரதத்தோடுதான் மாரடிப்பு. குளத்தில் பச்சையாய் மிதக்கிற பக்டீரியாவுக்குள் அது இருக்கிறது. வெயிலை நம்பி வாழும் அந்த உயிருக்கு வெயில் கூடினாலும் ஆபத்துத்தான். வெளிச்சம் மட்டாக இருக்கும்வரை இந்தப் புரதம் செம்மஞ்சளாகச் சும்மா கிடக்கும். அளவு மீறினால் சிவந்து, வெளிச்சத்தைப் பிடிக்கும் பகுதியில் போய் ஒட்டி, மிச்சத்தை வெப்பமாக வெளியே விட்டுவிடும். வெளிச்சம் தணிந்தால் மறுபடி செம்மஞ்சள்.

அதனால் எங்களுக்கு இருட்டறைதான் கதி. யன்னலுக்குக் கறுப்புச் சீலை, புரதம் உள்ள குழாய்க்கு அலுமினியத் தாள். கதவை இரண்டு தரம் தட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது.

அன்று என் மூன்று கிழமை உழைப்பு ஒரு சின்னக் குழாயில், ஐஸுக்குள் இருந்தது. அளக்கும் இயந்திரம் பின்னேரம் மூன்று மணிக்கு எனக்கு. தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சாப்பிடவும் மறந்து வேலை செய்துவிட்டு, முகம் கழுவப் போனேன். தாளைச் சுற்றாமல் விட்டுப் போனது நான்தான்.

திரும்பி வந்தால் அறை முழுக்க வெயில். எங்களுக்குத் தேத்தண்ணி போட்டு, அறைகளைக் கூட்டுகிற கொட்டாஞ்சேனை அக்கா, சீலையை ஒதுக்கி யன்னலைத் திறந்துவிட்டு, கையில் பால் விடாத பிளேன்டீயோடு நின்றார். குழாய் சிவந்திருந்தது.

“காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்லதானே தங்கச்சி. இருட்டுக்குள்ள இருந்தா தலையிடி வரும்.”

நான் கத்தினேன். “தட்டிப்போட்டு வாங்கோ எண்டு எத்தின தரம் சொன்னனான்? உங்களுக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது?”

“தட்டினேன்மா. சத்தம் ஒண்டும் வரல்ல,” என்றார். டீயை மேசையில் வைக்காமல் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தப் பக்டீரியாவுக்கு மிச்சத்தை வெளியே விட ஒரு வழி இருக்கிறது. எனக்கு அன்று அகப்பட்டது அக்கா.

சீலையை இழுத்து மூடினேன். பத்து நிமிடம் கழித்தும் அதே சிவப்பு. அழுகை வந்தது. பிறகுதான் உறைத்தது, ஐஸ் குளிரில் அது செம்மஞ்சளுக்குத் திரும்ப நேரம் எடுக்கும். தெரிந்த விஷயம்தான், களைத்த மண்டையில் தெரிந்தது எதுவும் நிற்பதில்லை. குழாயை வெளியே எடுத்து, கைக்குள் பொத்திக்கொண்டு இருட்டில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சள். ஒரு சேதமும் இல்லை. மூன்று மணிக்கு அளந்தும் முடித்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த நாள் காலை கேட்டேன்.

“அதில என்ன தங்கச்சி, வேலைக் களைப்புத்தானே,” என்று சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினொரு மணிக்குக் கதவை இரண்டு தரம் தட்டும் சத்தம். “வாங்கோ அக்கா,” என்றேன். யாரும் வரவில்லை. எழுந்துபோய்த் திறந்தேன். வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சோசரால் மூடிய பிளேன்டீ.

இரண்டு வருடமாக அப்படித்தான். எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அக்கா உள்ளே வருவதில்லை.